சந்தூர் நாட்குறிப்பு: இறுகிய தோள்பட்டை

ஜூன் 12, 2024

வீட்டில் எல்லோரும் வாயுப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த இடது தோளைக் கிருஷ்ணகிரியில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். சிறிது தூரத்தில் நின்றுவிட்டது. அவரே பிடித்துத் திருப்பியபோதும் அதே இடத்தில்தான் நின்றது. தசைநார் கிழிந்திருந்தால், நாமாகத் தூக்க முடியாத கையைப் பிறர் தூக்கினால் பெரும்பாலும் மேலே போகும் என்றும், யார் தூக்கினாலும் போகாமல் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருப்பதால் இது ஃப்ரோசன் ஷோல்டர் என்றும் விளக்கினார்.

ஜூன் 14

மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுகிறதாம். 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்குச் சற்று அதிகமாகவும், சர்க்கரை நோயாளிகளுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் மிகுதியாகவும் வருகிறது. எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதச் சராசரியையும் தைராய்டையும் பார்க்க ரத்தம் கொடுத்தேன்.

ஜூன் 23

"மாமா, சுளுக்கு எடுக்கிறவர் ஒரே இழுப்பில் சரிசெய்துவிடுவார்" என்று மைத்துனர் வற்புறுத்துகிறார். இரவில் புரண்டு படுத்தாலே உயிர் போகும் இந்தக் கட்டத்தில் வலுக்கட்டாயமாக இழுத்தால் வலியும் அழற்சியும் கூடத்தான் செய்யும் என்பதால் மறுத்துவிட்டேன். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். வலிக்கும் தொடக்கக் கட்டத்தில்தான் அதற்குப் பலன் அதிகம். சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொன்னதால், வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து வருகிறேன்.

ஜூலை 21

எங்கள் நாற்றுப்பண்ணையில் செடிகளுக்கு ஒட்டுக்கட்டும் பருவம். செடிப் பையை முக்காலியில் வைத்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டால், ஆப்பு போலச் சீவிய ஒட்டுக்குச்சியைப் பிளவில் செருகிப் பாலித்தீன் நாடாவைச் சுற்ற முடிகிறது. தாய்மரத்தில் குச்சி வெட்டுவதுதான் ஆகாது. அதைப் பையன்களிடம் விட்டுவிட்டேன். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுகிறேன். பிறகு படுத்துக்கொண்டு, இரு கைகளிலும் பிடித்த கோலால் இடக்கையை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளுகிறேன். உடற்பயிற்சிக்குப் பின் வலி நெடுநேரம் நீடித்தால் அன்று அளவு மீறிவிட்டது என்று பொருள்.

டிசம்பர் 8

வலி பெரிதும் அடங்கிவிட்டது, இறுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டேன். பிரிட்டனில் 503 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், ஊசியோடு பிசியோதெரபி, மயக்கத்தில் மூட்டை அசைத்து விடுவித்தல், துளைவழி உறையை வெட்டி விடுதல் ஆகிய மூன்றில் எதுவும் ஓராண்டு முடிவில் மற்றவற்றைவிடத் தெளிவாக மேம்பட்டதாக இல்லையாம். அப்படியிருக்க, செலவும் ஆபத்தும் குறைந்ததையே தொடர்வதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 16, 2025

கை இப்போது பரண் விளிம்பைத் தொடுகிறது. முதுகுக்குப் பின்னே கொண்டுபோவதும் வெளிப்பக்கம் திருப்புவதும் இன்னும் பின்தங்கியே உள்ளன. அதனால் கோல் பயிற்சியைக் குறைக்க வேண்டாம் என்றும், சிலருக்கு மறுதோளிலும் வரக்கூடும் என்பதால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும்படியும் மருத்துவர் சொல்லி அனுப்பினார்.