கேபிள் முறுக்கு போட்ட உல்லன் வாள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஊர்களில் ராத்திரி பாரதக் கூத்து நடந்தால், மறுநாள் தெருப் பிள்ளைகள் கையில் எல்லாம் ஆயுதம்தான். விறகுக் குச்சி கண்ணைக் குத்தும், பிளாஸ்டிக் பைப் கையைத் தடிக்க வைக்கும். பள்ளி ஆண்டு விழாவில் அதியமான் வேஷம் கட்டும் பிள்ளைக்கு அட்டையில் வாள் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டித் தருகிறோம். மேடை ஏறுவதற்குள் அது கைப்பிடிக்கு மேலே மடிந்து தொங்குகிறது. உல்லனில் பின்னிய வாளில் இந்தத் தொல்லை கிடையாது. நடுவில் கயிறு மாதிரி ஓடும் கேபிள் முறுக்கைப் பலர் வெறும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கேபிள் பின்னலை அகலவாக்கில் இறுக்கித் தடிமனாக்குகிறது. வாளின் முகம் தொளதொளக்காமல் நிற்பதற்குக் காரணமே அதுதான்.

முதலில் நூல். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் தோரணத்துக்கும் பூ செய்யவும் விற்கும் மெல்லிய உல்லன் இதற்குப் போதாது. அதுதான் கிடைக்கிறது என்றால் இரண்டு இழை சேர்த்துப் பின்னலாம். டிகே கனமுள்ள (அதாவது மிதமான தடிமனுள்ள) அக்ரிலிக் நூல், வெளிர் சாம்பல் 50 கிராம், பழுப்பு 50 கிராம் வாங்குங்கள், பழுப்பு மிஞ்சும். கறுப்பிலும், பல நிறம் கலந்த நூலிலும், பூனைமயிர் மாதிரி பொசுபொசு நூலிலும் முறுக்கு கண்ணுக்கே தெரியாது. இந்தக் கனத்துக்கு வழக்கமாக 4 மி.மீ. ஊசி எடுப்போம். வாளுக்கு 3.25 மி.மீ., அதாவது கடையில் 10-ஆம் நம்பர் என்று கேட்டால் தருவது. 10 செ.மீ.க்கு 24 கண்ணி (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி), 32 வரிசை வர வேண்டும். இதைவிடத் தளர்ந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் பல்லிளிக்கும்.

உள்ளே வைக்க 6 மி.மீ. யோகா மேட்டில் 52 செ.மீ. நீளத்துக்கு இரண்டு பட்டை வெட்டி, ரப்பர் பசை போட்டு ஒட்டுங்கள். வெள்ளைப் பசை ஃபோமில் நிற்காது, உரிந்துவிடும். 41 செ.மீ. வரை அகலம் 4 செ.மீ., மீதி 11 செ.மீ. பிடிக்காக 3 செ.மீ. இரண்டு பக்கமும் அரை செ.மீ. தோள் மாதிரி நிற்கும். கைக்காப்பு (பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக நிற்பது) மேலே ஏறாமல் தடுப்பது அந்தத் தோள்தான். நுனியை வளைவாக வெட்டுங்கள். மரக்குச்சி, கம்பி, பிவிசி எதையும் உள்ளே வைக்க வேண்டாம். அடித்தால் மடங்குவதுதான் இந்த வாளின் பாதுகாப்பு.

அலகுக்கு 28 கண்ணி போடுங்கள். நிட் என்பது வழுவழுப்பாகத் தெரியும் நேர்க் கண்ணி, பர்ல் என்பது மேடாகத் தெரியும் புரட்டுக் கண்ணி. முன்பக்க வரிசை: 9 நிட், 2 பர்ல், 6 நிட், 2 பர்ல், 9 நிட். பின்பக்க வரிசை: 9 பர்ல், 2 நிட், 6 பர்ல், 2 நிட், 9 பர்ல். நடுவில் உள்ள 6 கண்ணிதான் கேபிள். இருபுறமும் ஓடும் பர்ல் பள்ளம் இல்லையென்றால் முறுக்கு மேலெழும்பாது. எட்டு வரிசைக்கு ஒரு முறுக்கு, ஒவ்வொரு எட்டிலும் ஐந்தாவது வரிசையில் வரும். அந்த ஆறில் முதல் 3 கண்ணியைக் கேபிள் ஊசிக்கு (கண்ணியைத் தாங்கி நிற்கும் சின்ன ஊசி) மாற்றி முன்னால் தொங்க விட்டு, அடுத்த 3 கண்ணியை நிட் போட்டு, பிறகு தொங்குகிற மூன்றையும் நிட் போட வேண்டும். கேபிள் ஊசி இல்லாவிட்டால் வளைவில்லாத கொண்டை ஊசி போதும். அதன் யூ வடிவத்தில் கண்ணி நழுவாது. நெளிநெளியாக இருக்கும் கொண்டை ஊசி மட்டும் இழையைக் கொத்தும். முன்னால் விட்டால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் விட்டால் வலப்பக்கம். எப்படித் தொடங்கினாலும் கடைசி வரை அப்படியே போனால்தான் கயிறு மாதிரி வரும்.

தப்பு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, வரிசைக் கணக்கு. முறுக்கு வரிசை முடிந்ததும் ஓரத்தில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கோத்து வையுங்கள். மறந்துவிட்டால் முறுக்கின் அடியில் இருக்கும் ஓட்டையில் விரலை விட்டு விரியுங்கள்; பின்னால் ஏணிப்படி மாதிரி கம்பிகள் தெரியும், அவற்றை எண்ணினால் எத்தனை வரிசை என்று வந்துவிடும். திசை மாறிப் போட்ட முறுக்கு பத்து வரிசை கீழே கண்ணில் பட்டாலும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். அந்த 6 கண்ணியை மட்டும் கீழே அவிழ்த்து, சரியாக மாற்றி, குரோஷே ஊசியால் வரிசை வரிசையாக மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, கேபிளின் இடது ஓரக் கண்ணி மட்டும் பெரிதாகத் தொங்குவது. நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூல் ஊசிக்கு அடியில் முன்னால் வந்து ஒரு சுற்று போகிறது. அந்த உபரி நூல் முந்தின கண்ணியில் போய்ச் சேர்கிறது. இழுத்து இறுக்கிப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. கேபிளுக்கு அடுத்த முதல் பர்லுக்கு நூலை எதிர்ப்பக்கமாக, அடியிலிருந்து சுற்றுங்கள். நூல் குறைவாகச் செலவாகும். அந்தக் கண்ணி ஊசியில் திரும்பி உட்கார்ந்திருக்கும். அடுத்த வரிசையில் அதைப் பின்கால் (வளையத்தில் ஊசிக்குப் பின்னால் இருக்கும் பாதி) வழியாக நிட் போட்டால் நேராகிவிடும்.

இப்படி 14 முறுக்கு, 112 வரிசை, 35 செ.மீ. பிறகு கூர். கேபிளை அப்படியே விட்டுச் சாதாரண நிட்டுக்குப் போனால் அந்த இடம் விசிறி போல விரியும். அதனால் 113-ஆவது வரிசையில் கேபிளின் 6 கண்ணியை இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்றாக்குங்கள்; முன்பக்க வரிசையில் பர்லும் இனி நிட்தான், பின்பக்க வரிசை முழுக்க பர்ல். இப்போது 25 கண்ணி. 7 கண்ணிக்குப் பின் ஒரு மார்க்கர் (ஊசியில் இடம் காட்டும் வளையம்), அதற்கடுத்த 11-க்குப் பின் இன்னொன்று. 115, 119, 123, 127 வரிசைகளில் மார்க்கருக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி குறையுங்கள்: முன்னால் இரண்டு சேர்த்து நிட், பின்னால் பின்கால் வழியாக இரண்டு சேர்த்து நிட். வரிசைக்கு நான்கு குறையும். கடைசியில் 9 கண்ணி இருக்கும். 128-ஆவது வரிசை பர்ல் போட்டு, நூலைக் கோத்து இழுத்துக் கட்டுங்கள்.

தையல் பின்பக்க நடுவில், நுனியிலிருந்து கீழ்நோக்கி, நேர்ப்பக்கத்திலிருந்தே வரட்டும். உறை 10 செ.மீ. சுற்றளவு, ஃபோம் 10.4, ஆகவே பாதி தைத்துவிட்டு ஃபோமை உள்ளே விட்டு, மீதியை அதன் மேலேயே தையுங்கள். முழுக்கத் தைத்த பிறகு நுழைத்தால் ஃபோம் மடியும்.

கைக்காப்பு பழுப்பு நூலில்: 34 கண்ணி, 32 வரிசை, எல்லாம் சாதா நிட்-பர்ல், அதாவது ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல். 8-ஆவது வரிசையிலும் 24-ஆவது வரிசையிலும் நடு 8 கண்ணியை மூடி, அடுத்த வரிசையில் திரும்ப 8 போடுங்கள். உருட்டித் தைத்தால் இரண்டு பிளவும் எதிரெதிரே வரும். பிடியை நுழைத்து, தோள் வரை தள்ளி, இருபுறமும் பாலிஃபில் (பாலியஸ்டர் பஞ்சு) அடைத்து, அலகின் அடி ஓரத்தை உள்ளே மறைத்துத் தையுங்கள். இலவம் பஞ்சு வேண்டாம், துவைத்தால் கட்டிதட்டும்.

பிடிக்கு 20 கண்ணி, எல்லா வரிசையும் நிட், 9 செ.மீ. பிடியின் முனையில் வரும் அடிக்குமிழுக்கு 12 கண்ணியை 24 ஆக்கி, 11 வரிசை போட்டு, மறுபடி 12 ஆக்கி இழுத்துக் கட்டினால் போதும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு மணி, பட்டன் எதுவும் தைக்காதீர்கள்.

இஸ்திரிப் பெட்டியை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் அக்ரிலிக் துவண்டுவிடும், முறுக்கு தட்டையாகும், திரும்ப எழும்பாது. பச்சைத் தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் படுக்கப் போட்டுக் காய வையுங்கள்.

இரண்டு முகத்திலும் கேபிள் வேண்டும் என்றால் தனித்தனியாக 16 கண்ணியில் இரண்டு துண்டு பின்னுங்கள்: 3 நிட், 2 பர்ல், 6 கேபிள், 2 பர்ல், 3 நிட். கேபிளை மூன்றாக்கியதும் 13 கண்ணி வரும்; அதே நான்கு வரிசைகளில் இரு ஓரமும் ஒவ்வொன்று குறைத்தால் 5-இல் முடியும். தையல் இரண்டும் அலகின் விளிம்பில் போய்விடுவதால் வெளியே தெரியாது. நூல் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், வாளும் இன்னும் விறைப்பாக நிற்கும்.