கிளுவை வேலியும் ஏழு முட்டைகளும்

மே 11
எங்கள் மாடு மேயும் கொரங்காட்டுக்குக் கம்பிவேலி போடுவது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். பொக்லைனுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. இப்போதிருப்பது கிளுவை என்னும் முள்மரத்தை நட்டு வளர்த்த உயிர்வேலி, அப்பாரு (தாத்தா) காலத்தது. ஆள் உயரத்தைத் தாண்டி முள்ளும் கிளையுமாகப் பின்னிக் கிடக்கிறது. கழித்துவிட ஆள் கிடைப்பதில்லை என்கிறார். அதில் பொய்யில்லை. போன வருடம் ஒரு நாள் கழித்துவிட்டு, இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் கிடந்தவன் நான்.

மே 12
விடிந்ததும் வேலியோரமாக ஒரு நடை. தவிட்டுக்குருவிகள் வழக்கம்போல ஊரைக் கூட்டின. புழுதியில் உடும்பு வாலை இழுத்துப் போன தடம். ஒரு மூலையில் காலடியிலிருந்தே கவுதாரி ஒன்று சடசடவென்று எழும்பியது. குனிந்து பார்த்தால் கொழுக்கட்டைப்புல் தூருக்கடியில் கைப்பிடிப் பள்ளம், அதில் ஏழு முட்டைகள். உடனே விலகி வந்துவிட்டேன். கவுதாரி இரவில் முள்மரத்தில் அடைந்தாலும் முட்டையிடுவது தரையில்தான். வேலியடிப் புதர் போனால் அதற்குப் போக்கிடம் இல்லை. எந்த மூலை என்று எழுதப் போவதில்லை. கண்ணி வைப்பவர்களும் படிக்கத் தெரிந்தவர்கள்தான்.

மே 13
அண்ணனிடம் சொன்னேன். “கவுதாரிக்காக வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாயா, தம்பி?” என்றார். அண்ணிதான் தீர்த்துவைத்தார்: “மூன்று வாரம் பொறுத்தால் மாடு என்ன ஓடியா போய்விடும்?”

மே 29
பள்ளத்தில் ஓடுகள் மட்டும் இருந்தன. முதலில் பகீரென்றது. பிறகுதான் கண்டேன்: பத்தடி தள்ளி, கறையான் புற்றருகே தாய் கிளற, பின்னால் நான்கு குஞ்சுகள். பொரித்த கையோடு நடக்கத் தொடங்கிவிடும் சாதி. மற்ற மூன்று கண்ணில் படவில்லை.

ஜூன் 8
பொக்லைன் வந்தது. பேசிப் பேசி, ரோட்டுப் பக்கம் மட்டும் கம்பி, மற்ற மூன்று பக்கமும் கிளுவை என்று முடிவானது. வேரோடு பெயர்த்தபோது சாரைப்பாம்பு ஒன்று வெளியே வந்தது; ஓட்டுநர் இருக்கைமேல் ஏறி நின்றுகொண்டார். தடி தேடியவரை அண்ணனே தடுத்தார். “எலி பிடிக்கிற பாம்பு, விடுங்கள்.” எனக்கே வியப்பு.

ஜூன் 10
வெட்டிய கிளுவையில் நல்ல போத்துகளாக (நடுவதற்கான கிளைத்துண்டுகள்) நாற்பது தேர்ந்து, பழைய வேலியின் சந்துகளில் ஊன்றினோம். உடம்பெல்லாம் கீறல்.

நவம்பர் 2
ஐப்பசி மழைக்கு இருபத்தாறு போத்துகள் துளிர்த்துவிட்டன. மீதியில் பாதியை ஆடு கடித்தது, பாதி தானாகக் காய்ந்தது. விடியலில் வெள்வேலமரத்தடியில் கவுதாரி கத்துகிறது.

கம்பிவேலியின் அடியில் அங்கங்கே ஒரு சாண் இடைவெளி இருப்பதை இன்றுதான் கவனித்தேன். கேட்டால், வேலை செய்தவர்கள் அளவில் தவறிவிட்டார்கள் என்கிறார் அண்ணன். நான்கு இடத்திலும் அச்சாக ஒரே அளவு தவறியிருக்கிறது.