பேரைத் தவிர எல்லாம்

எங்கள் வார்டு நர்ஸ் ஒருத்திக்கு நான் சொன்ன பதில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பிறகு ஏன் காலை ஜெபத்தில் உட்காரும்போதெல்லாம் அந்தப் பேச்சே மனதில் ஓடுகிறது என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு மருந்துப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. பொட்டாசியம் குளோரைடைத் தொடாமல் அந்த வகுப்பை முடிக்க முடியாது. வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 10 மில்லி ஆம்ப்யூல், அதாவது மருந்து அடைத்த சின்னக் குப்பி, உள்ளே 20 மில்லி ஈக்குவலன்ட் என்கிற அளவு மருந்து, பார்த்தால் வெறும் தண்ணீர். சலைன் பாட்டிலில் கலந்து மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றினால் மருந்து. கலக்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். நரம்பில் போட்டிருக்கும் கேனுலாக் குழாயை ஃப்ளஷ் பண்ண, அதாவது கழுவிவிட, எடுக்கிற நார்மல் சலைன் என்ற உப்புநீரும் அதே 10 மில்லிதான், அதுவும் தண்ணீர் மாதிரிதான்.

ஒரு நைட் டூட்டியில் எங்கள் வார்டில் அந்த இரண்டும் மாறிப்போயின. அந்த நர்ஸ் சலைன் என்று நினைத்துப் பொட்டாசியத்தைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு கட்டில்வரை போய்விட்டாள். கூட இருந்த சிஸ்டர் ட்ரேயில் கிடந்த காலி ஆம்ப்யூலைப் பார்த்துச் சத்தம் போட்டதால் நோயாளி தப்பித்தார். விடிவதற்குள் அந்த நர்ஸே உட்கார்ந்து, நடந்த தப்பைப் பற்றி இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை. கத்திய சிஸ்டரும் வெளியே சொல்லியிருக்க மாட்டாள்.

இதைத்தான் வகுப்பில் சொன்னேன். பேரைச் சொல்லவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஹாஸ்டல் மெஸ் வழியாக அவள் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் அடுத்த ஷிப்டுக்கு ஓவர் கொடுத்து முடித்ததும் ட்ரீட்மென்ட் ரூமுக்கு வந்து நின்றாள்.

“சிஸ்டர், என் பேரைச் சொல்லலைன்னு சொல்வீங்க. பேரைத் தவிர எல்லாத்தையும் சொல்லியிருக்கீங்களே.”

உண்மைதான். எந்த வார்டு, எந்த சீசன், மழையில் கரண்ட் போனது, கூட யார் டூட்டி என்று எல்லாமே வந்துவிட்டது. விவரம் இல்லாமல் சொன்னால் பிள்ளைகள் மனதில் நிற்காது. அது என் அனுபவம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

“தாவீது ராஜா செஞ்ச பாவம் வேதத்துல இருக்கு. பேதுரு இயேசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்சது நாலு சுவிசேஷத்துலயும் பேரோட இருக்கு. அதைப் படிச்சுத்தானே நாம புத்தி கத்துக்கிறோம்? உன்னைக் கேவலப்படுத்தச் சொல்லலைம்மா” என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். “பேதுருவுக்கு அப்புறம் நடந்ததையும் எழுதியிருக்காங்களே சிஸ்டர். இயேசு கரையில மீன் சுட்டுக் கொடுத்து, என்னை நேசிக்கிறாயான்னு மூணு தடவை கேட்டாரே. என் கதையை நீங்க சிரிஞ்சோட நிறுத்திட்டீங்க.”

வகுப்பு அரை மணி நேரம்தான், எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது என்றேன். சரி சிஸ்டர் என்று போய்விட்டாள்.

அரை மணி நேரம் என்பது பொய்யில்லை. ஆனால் காரணம் அது மட்டுமில்லை. அந்த ரிப்போர்ட்டின் கடைசியில் அவள் இன்னொன்றும் எழுதியிருந்தாள். பொட்டாசியம் ஆம்ப்யூல்களை சலைனுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, பூட்டு உள்ள தனி அலமாரி வேண்டும், சிகப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், எடுக்கும்போது இன்னொரு நர்ஸ் லேபிளைப் படித்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கு எங்கள் வார்டில் அப்படித்தான் நடக்கிறது. யோசனை அவளுடையது. அதை நான் வகுப்பில் சொல்லவில்லை. சொன்னால் கதை நல்லபடியாக முடிந்துவிடும், பயம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். நடுராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் லேபிளை இரண்டாம் முறை படிக்க வைப்பது பயம்தான். வேறு எதுவும் படிக்க வைத்து நான் பார்த்ததில்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று இடிக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 1998இல் தன் முதல் எச்சரிக்கை அறிவிப்பை வெளியிட்டது இதே மருந்தைப் பற்றித்தான். இந்த மருந்தால் நேர்ந்த 10 மரணங்களை ஆராய்ந்திருந்தார்கள். 8 பேருக்கு கலக்காத அடர் மருந்து நேரடியாக ஏற்றப்பட்டிருந்தது. அந்த எட்டில் ஆறு, வேறு மருந்து என்று நினைத்து எடுத்தவை. ஊசி போட்டவர் யார், எந்த ஊர், அப்போது மழை பெய்ததா என்று எதுவும் அதில் கிடையாது. அவர்கள் சொன்னது, அந்த ஆம்ப்யூல்களை வார்டிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்பதுதான். பயமுறுத்தவே இல்லை. அப்படிப் பார்த்தால் எங்கள் வார்டில் அடுத்த நோயாளியைக் காப்பாற்றப் போவது நான் சொன்ன கதை இல்லை, அவள் கேட்ட பூட்டு. தப்பிலிருந்து புத்தி வாங்கியவர் யார் என்று கேட்டால், தன் தப்பிலிருந்தே வாங்கிக்கொண்ட அவள்தான் முதலில் வருகிறாள்.

வேதத்தில் நீதிமொழிகள் 24ஆம் அதிகாரத்தில் ஒருவர் சோம்பேறியின் வயலைக் கடந்து போகிறார். முள் மண்டிக் கிடக்கிறது, கற்சுவர் இடிந்திருக்கிறது. “அதைக் கண்டு சிந்தனைபண்ணினேன்; அதை நோக்கிப் புத்தியடைந்தேன்” என்கிறார். இந்த வசனத்தை வகுப்புக்காகவே குறித்து வைத்திருந்தேன். இப்போது படித்தால், அந்த வயல்காரன் பேர் அதில் இல்லை என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அது யார் வயல் என்று தெரிந்திருக்காதா? தெரிந்திருக்கும். அப்படியென்றால் அந்த ஞானியும் பேரைத் தவிர எல்லாம் சொன்னவர்தான்.

அப்புறம் நோவா. குடித்துவிட்டு வஸ்திரம் விலகிக் கிடந்தவரை அவர் மகன் காம் பார்த்தான், வெளியே போய்ச் சகோதரர்களுக்குச் சொன்னான். சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்து போய் மூடினார்கள். நான் காமா, சேமா? மூடியிருந்தால் மட்டும் போதுமா? எல்லோரும் மூடிக்கொண்டே போனால் அடுத்த வார்டில் அடுத்த பெண் அதே ஆம்ப்யூலை எடுப்பாள். “அன்பு திரளான பாவங்களை மூடும்” என்ற வசனத்தை மருந்து ட்ரேக்கு மேல் எழுதி ஒட்ட முடியாது. இன்னொரு பக்கம், நம் சபைகளில் வம்புக்கு ஜெபக்குறிப்பு என்று இன்னொரு பெயர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். “அந்தக் குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க” என்று ஆரம்பித்து, ஆமென் வருவதற்குள் அந்த வீட்டுக் கதை முழுக்க வந்துவிடும். என் வகுப்பு அந்த ரகம் இல்லை என்று சொல்லத்தான் ஆசை.

வகுப்புக்குப் பிறகு எங்கள் வார்டிலிருந்து போகும் இன்சிடென்ட் ரிப்போர்ட் குறைந்திருக்கிறது. மாதாந்திரக் கூட்டத்தில் அதைப் பாராட்டினார்கள். தப்பு குறைந்ததா, எழுதுவது குறைந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட்டத்திலும் நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த பேட்ச் வரப்போகிறது. அமெரிக்க அறிவிப்பை மட்டும் வைத்து நடத்தலாம் என்று பார்த்தால், எங்கோ நடந்தது என்றதும் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். நம்ம வார்டில் நடந்தது என்றால்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இந்தத் தடவை அந்தப் பகுதியை நீயே எடுக்கிறாயா, அலமாரி வந்த கதைவரை நீயே சொல்லு என்று அவளைக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். நான் இன்சார்ஜ் என்பதால் மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. அதனால்தான் இன்னும் கேட்கவில்லை.