பாதிப் பல்பம்

மூன்றாம் வகுப்பு சார் காலமாகிவிட்டதாக எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்க வாட்ஸப் குழுவில் ஆடி மாதம் செய்தி வந்தது. வரிசையாகக் கும்பிடு கைகள். நானும் ஒன்று போட்டேன். "சங்க மலருக்கு நீங்கதான் எழுதணும், அவரோட செல்லப்பிள்ளை நீங்கதானே" என்றார்கள். செல்லப்பிள்ளை ஆன கதையையே எழுதுகிறேன்.

1974. குடமுருட்டி ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்த வாரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் நகத்தளவுப் பல்பம்தான். எழுதினால் விரல்தான் சிலேட்டில் தேயும். என் புதுப் பல்பத்தை உடைத்து, நீளமான பாதியை அவனிடம் கொடுத்தேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. வாய்க்கால் மேட்டில் பொறுக்கிய நாவல்பழத்தை டவுசர் பை நிறையக் கொண்டுவந்து எனக்குக் கொட்டுவானே, அதுபோலத்தான். எங்களுக்குள் கணக்கே கிடையாது.

சார் பார்த்துவிட்டார். என்னைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார். "பாருங்கடா, முல்லைக்குத் தேர் குடுத்த பாரி! இல்லாதவனுக்குக் குடுத்திருக்கான்." அவனையும் எழுப்பி, வாங்கிய பல்பத்தை உயர்த்திக் காட்டச் சொன்னார். வகுப்பே கைதட்டியது. அவனால் தட்ட முடியாது, கையில் பல்பம்.

பாரி கொடுத்தது கொடிக்கு. கொடிக்கு மானம் கிடையாது.

மறுநாள் பாதிப் பல்பம் என் இடத்தில் கிடந்தது. அந்த ஆடியில் நாவல்பழம் வரவில்லை. நானோ ருசி கண்டுவிட்டேன். சாரின் செருப்புச் சத்தம் கேட்டால்தான் கடலை மிட்டாயைப் பங்கு பிரிப்பேன். நாவல்பழத்துக்காக அவனை யாரும் மேசைமேல் ஏற்றவில்லை என்பது எனக்கு உறைக்க ஐம்பது வருஷம் ஆயிற்று.

இங்கே லண்டனில் மழலையர் பள்ளியில் வேலை பார்க்கும் என் மகள், பிஸ்கட்டைப் பகிர்ந்த பிள்ளைக்கு ஸ்டிக்கர் ஒட்டமாட்டாள். ஏன் என்றதற்கு, ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனையைச் சொன்னாள். 20 மாதக் குழந்தைகள் யாரும் கேட்காமலே உதவுகின்றன. அதற்குப் பரிசு வாங்கிப் பழகியவை, பரிசு நின்றதும் உதவுவதைக் குறைத்துக்கொண்டன. வெறும் பாராட்டு அப்படிக் கெடுக்கவில்லையாம். அந்த வகையில் சாருக்கு விடுதலைதான். ஆனால் லைப்சிக்கில் உதவி பெற்றவரை யாரும் எழுப்பி நிறுத்தவில்லை.

சாரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உதவித்தொகைப் பரீட்சைக்கு என்னைத் தஞ்சாவூர்வரை சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்தவர். அந்த மிதியில்தான் லண்டன் வரைக்கும் வந்து சேர்ந்தேன். கேரியரில் ஒருவருக்குத்தான் இடம்.

போன வருஷம் பள்ளிக்கு நாம் கட்டிக்கொடுத்த தண்ணீர்த் தொட்டியின் திறப்புக்குப் போயிருந்தேன். 'உபயம்' என்று கல்லில் என் பெயர், கொட்டை எழுத்தில். கூட்டத்தில் அவனும் நின்று கைதட்டினான்.

"வாங்க" என்றான். வாடா இல்லை.

"அந்த நாவமரம் இருக்கா?"

"ரோடு போட்டப்ப வெட்டிட்டாங்க. நடவு ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க, வரேங்க."

டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளம்பினான். எனக்கு மறுநாள் திருச்சியில் விமானம்.