பாடும் செடிக்கு வாய் செய்த கதை

எங்கள் சின்ன நாடகக் குழு இந்த முறை எடுத்திருப்பது ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’. பூக்கடைப் பையன் ஒருவன் ஆசையாக வளர்க்கும் செடி, ரத்தம் கேட்டு வாய் திறந்து பாடும். சிரிப்பில் ஆரம்பித்துப் பயத்தில் கொண்டுபோய் விடும் இசை நாடகம். செடிப் பொம்மைகள் என் பொறுப்பு. ஏழு வாரமாக அதே வேலைதான்.

1960இல் ரோஜர் கோர்மன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான் இதற்கு மூலம். ஹோவர்ட் ஆஷ்மன் எழுதி ஆலன் மென்கன் இசையமைக்க, 1982இல் நியூயார்க்கில் ஒரு சின்ன அரங்கில்தான் முதலில் மேடை ஏறியது. அப்புறம் ஆர்ஃபியம் அரங்குக்குப் போய் 2,209 காட்சிகள் ஓடியது. எனவே இடம் போதாது என்று குழுவில் யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்தச் செடி முளைத்ததே சின்ன இடத்தில். உரிமை வாங்கிப் போடுவதால் வசனத்திலும் பாட்டிலும் கை வைக்க முடியாது. புதிதாகச் செய்ய எங்களுக்கு மிச்சம் இருப்பது மேடையும் செடியும்தான்.

செடி ஒன்று போதாது, வளர வளர நான்கு வேண்டும். முதலாவது சின்னத் தொட்டிச் செடி, இரண்டே நாளில் முடிந்தது. இரண்டாவதை நாயகன் கையில் தூக்கி வருவான். தொட்டியை அணைத்திருக்கும் கை பொய்க்கை. அவனுடைய சொந்தக் கை உள்ளே போய் வாயை ஆட்டும். பொய்க்கைக்கும் நிஜக்கைக்கும் ஒரே துணியில் சட்டைக்கை தைத்ததும் அது பிரமாதமாக ஒத்துப்போனது.

மூன்றாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு ஆள் உட்கார வேண்டும். மெத்தைக்குப் போடும் ஃபோமைச் சுளை சுளையாக வெட்டி விளிம்புகளை ஒட்டினால் உருண்டை வடிவம் தானாக வரும். முதல் தடவை பசை ஈரமாக இருக்கும்போதே அழுத்திவிட்டேன். வாயை நாலு முறை திறந்ததும் தையல் விட்டதுபோல் பிளந்தது. இரண்டு பக்கமும் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேர்த்த பிறகு அசையவே இல்லை. வெறும் அக்ரிலிக் வண்ணமும் வாய் மடியும் இடத்தில் வெடித்தது. லேடெக்ஸ் என்னும் ரப்பர் பாலில் கலந்து அடித்தேன், தோல் மாதிரி வளைகிறது.

ஆனால் வாய் செய்வது வேறு, வாய் பேசுவது வேறு. பாடுபவர் மேடைக்குப் பின்னால் மைக்கில் பாடுவார். வாயை ஆட்டுபவள் செடிக்குள் இருட்டில் இருப்பாள். முதல் ஒத்திகையில் ஒவ்வொரு சொல்லுக்கும் செடி ‘டப் டப்’ என்று கடித்தது. பார்க்க எலிப்பொறி போல இருந்தது. காரணம், சொல் வரும்போது வாயை மூடினாள். உயிரோசைக்கு வாய் திறக்க வேண்டும். ‘ம்’, ‘ப்’ வரும் இடத்தில் உதடு ஒட்ட வேண்டும். நீட்டிப் பாடும்போது திறந்தபடியே லேசாக நடுங்கினால் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், பாட்டு தொடங்கும் முன்பே வாய் சற்றுத் திறந்திருக்க வேண்டும், மூச்சு இழுப்பதுபோல.

இதற்காக ஒரு வாரம் பாடுபவரின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே பழகினாள். ஒருநாள் அவளே சொன்னாள்: “அண்ணா, நீங்க மூச்சு இழுக்கிறது கேட்டா போதும், அப்புறம் நான் பாத்துக்கிறேன்.” அவரைச் செடிக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில், கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தோம். பெரிய அரங்கில் இது நடக்காது. அன்றிலிருந்து செடி பாடுகிறது.

இன்னொன்றும் தற்செயலாகக் கிடைத்தது. செடிக்குக் கண் கிடையாது, உதட்டு நுனிதான் பார்வை. யாராவது பேசினால் அரை விநாடி தாமதித்து நுனியை மெல்ல அவர் பக்கம் திருப்பச் சொன்னேன். ஒத்திகை பார்த்தவர்கள் முதல் திருப்பத்துக்குச் சிரித்தார்கள். மூன்றாவது திருப்பத்தில் சத்தமே இல்லை. அந்த அமைதிக்காகத்தான் ஏழு வாரம் உழைத்தேன் என்று தோன்றியது.

நான்காவது செடி ஆளை விழுங்க வேண்டும். மேடை அகலமே பதினாறு அடி, தனியாக வைக்க இடமில்லை. அதனால் பூக்கடையின் பின்வாசலையே வாயாக்கிவிட்டோம். நிலைப்படி கீழ்த்தாடை, மேலே மடங்கியிருக்கும் பந்தல் துணி மேல்தாடை. முதல் பாதியில் அது வெறும் கதவு. மேல்தாடை எடையால் விழக் கூடாது என்பதற்காகக் கயிற்றின் மறுமுனையில் சம எடை கட்டி, மனிதர்களுக்கு முன் மணல் மூட்டையை இருபது முறை விழுங்க வைத்தேன். உள்ளே மெத்தை, சின்ன மின்விசிறி, யார் சொன்னாலும் எல்லாம் நிற்க வேண்டிய ஒரு சொல், எல்லாம் தயார்.

மிச்சம் இருப்பது முடிவுக் காட்சி. இதே நாடகத்தை 1986இல் திரைப்படமாக எடுத்தபோது, செடி ஜெயிக்கும் முடிவு முன்னோட்டம் பார்த்தவர்களுக்குப் பிடிக்காததால் அதை மாற்றினார்கள். மேடையில் செடிதான் ஜெயிக்கும். ஆர்ஃபியத்தில் கடைசியில் பார்வையாளர் மேல் கொடிகள் இறங்கின. நாங்களும் இருக்கைகளுக்கு மேல் பச்சைத் துணிக் கொடிகளை மீன்பிடி நரம்பில் கட்டியிருக்கிறோம். நேற்று முதல் இரண்டு வரிசைக்கு இறக்கிப் பார்த்தோம். ஒன்பது கொடி அழகாக இறங்கியது, ஒன்று கப்பியில் சிக்கியது. நாளைக்கு அந்த நரம்பை மாற்றிக் கட்ட வேண்டும்.