புளியங்கொட்டையும் சோழியும்: மானிடவியல் படித்த மூன்று ஆண்டுகள்

உசிலம்பட்டிப் பக்கத்தில் உயிரியல் பிரிவு எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், செவிலியர் படிப்போ மருந்தியலோ கேட்பாள் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். நான் மானிடவியல் என்றதும், அது எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று அப்பா கேட்டார். மதுரையில் நான் விசாரித்த எந்தக் கல்லூரியிலும் இளங்கலையில் அந்தப் பாடம் இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு முதன்முதலாக நடந்த 2022-ஆம் ஆண்டு அது. தமிழிலும் எழுதலாம் என்று அறிந்து விண்ணப்பித்தேன். வடக்கே இடம் கிடைத்தது.

மானிடவியல் என்றால் பழங்குடியினரைப் பற்றிய படிப்பு என்று நினைத்துப் போனவளுக்கு, முதல் ஆண்டில் பாதி நேரம் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தது. எலும்புகளை இனங்காண வேண்டும். அளவுகோல் கொண்டு உடன் படிப்பவரின் தலையை அளக்க வேண்டும். தலையின் அகலத்தை நூறால் பெருக்கி நீளத்தால் வகுத்து ஒரு குறியீட்டெண் எடுப்போம். இதே முறையில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சென்னை மாகாணத்து மக்களை அளந்தார் என்பதையும், தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார் என்பதையும் வகுப்பில் கேட்டபோது என்னால் அமைதியாக இருக்க முடியவில்லை. சில சாதியினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதி விரல்ரேகையைப் பதியவைத்த ஆங்கிலேயர் காலக் குற்றப் பழங்குடியினர் சட்டத்தை எங்கள் பகுதியில் ரேகைச் சட்டம் என்பார்கள். அதற்குப் பணிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டார்கள். அப்பத்தாவின் தகப்பனாரும் ரேகை வைத்தவர். அளப்பதும் பதிவதும் யார் கையில் இருக்கின்றன என்பது எனக்குப் பாடப்புத்தகச் செய்தி மட்டுமல்ல. தலையின் வடிவம் இனத்துக்கு இனம் மாறாமல் இருக்கும் என்று நம்பப்பட்ட காலத்தில், அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை அளந்து, ஒரே தலைமுறையில் அது மாறக்கூடும் என்று மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் நூறாண்டுக்கு முன்பே காட்டியிருந்ததை அடுத்த வாரம் படித்த பிறகுதான், இந்தத் துறை தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும் துறை என்ற நம்பிக்கை வந்தது.

இரண்டாம் ஆண்டில் உறவுமுறைப் பாடம் வந்தது. லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1949-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எங்கள் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி எழுதிய நூல் 1957-இல் பிரெஞ்சிலும் 1986-இல் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. அதை நூலகத்தில் எடுத்துப் புரட்டிய அன்று, நான் ஆய்வேட்டுக்கு எங்கே போக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

சொந்த ஊர் என்பதால் களப்பணி எளிதாக இருக்கும் என்று நம்பியது என் தவறு. நாற்பது கேள்விகள் கொண்ட தாளுடன் வீடு வீடாகப் போனேன். முதியோர் உதவித்தொகைக்குக் கணக்கெடுக்கிறேன் என்று நினைத்துச் சிலர் ஆதார் அட்டையை எடுத்து வந்தார்கள். சிலர் கதவோரத்திலேயே பேச்சை முடித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் இப்படியே போனது. தாளை வீட்டில் வைத்துவிட்டுச் சும்மா போய் உட்காரும்படி வழிகாட்டி ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார். நான் அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்தேன்.

உறவுமுறை வரைபடத்தில் முக்கோணம் ஆணைக் குறிக்கும், வட்டம் பெண்ணைக் குறிக்கும் என்று நான் விளக்கியதும், அப்பத்தா பல்லாங்குழிப் பையை அவிழ்த்துத் திண்ணையில் கொட்டினார். ஆணுக்குப் புளியங்கொட்டை, பெண்ணுக்குச் சோழி. தன் தம்பி மகளைத்தான் என் அப்பாவுக்குக் கட்டிவைத்தார் என்பதால், அந்தத் தம்பி அப்பத்தாவின் உடன்பிறந்தவராக ஓரிடத்திலும் என் அம்மாவின் தகப்பனாராக இன்னோரிடத்திலும் வர வேண்டியிருந்தது. நான் இரண்டாவது கொட்டையை எடுத்தேன். “ஒரு ஆளுக்கு எதுக்குத் தாயி ரெண்டு கொட்டை? அந்த வரிசைய இங்கிட்டு நகட்டு” என்று சொல்லி, இரண்டு வரிசைகளையும் விரலால் ஒன்றாகச் சேர்த்தார். கொடுத்து வாங்கும் சம்பந்தம் ஒரு தலைமுறையோடு முடிவதில்லை, சொத்தைப் போல அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது என்று துய்மோனிடம் நான் மூன்று முறை படித்தும் பிடிபடாத கருத்து, அந்தத் திண்ணையில் கண்ணெதிரே கிடந்தது.

அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பெரியம்மாக்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். யாருடைய பெயரை எழுதலாம், யாருடையதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டே எழுதினேன். ரேகை வாங்கிய நாட்டில் இதைக் கேட்காமல் எழுதக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இருந்ததில்லை.

எங்கள் குடும்பத்து வரிசை ஐந்து தலைமுறைக்கு நீண்டது. மேலே போகப் போகப் புளியங்கொட்டைகளுக்கெல்லாம் பெயர் இருந்தது; மூன்று சோழிகளுக்கு மட்டும் அப்பத்தாவுக்குப் பெயர் தெரியவில்லை. இன்னாருடைய பெண்சாதி, இந்த ஊர்க்காரி என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி எதுவும் மிஞ்சவில்லை. ஆய்வேட்டில் அந்த மூன்று வட்டங்களையும் பெயரில்லாமலே வரைந்தேன். வாய்மொழித் தேர்வில் வெகுநேரம் கேள்வி கேட்கப்பட்டது அவற்றைப் பற்றித்தான்.

பட்டம் வாங்கி ஊர் திரும்பியபின் செக்கானூரணியில் இருக்கும் பெரிய அத்தையைப் பார்க்கப் போனேன். ஒரு பெயர் அவருக்கு நினைவிருந்தது. இன்னும் இரண்டு பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.