மரங்கொத்திப் படக்கேள்வி: கொண்டையை மூடிவிட்டுப் படியுங்கள்

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். பறவையியல் சான்றிதழ்த் தேர்வின் எழுத்துப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பாடக்குறிப்பே போதும். படம் பார்த்து இனம் சொல்லும் பகுதிதான் ஆளைக் கவிழ்க்கும். அதிலும் மரங்கொத்திகள்.

எல்லார் கண்ணும் முதலில் சிவப்புக் கொண்டைக்குத்தான் போகும். பொன்முதுகு (ஆங்கிலத்தில் ஃப்ளேம்பேக்) வகைகளில் கொண்டை பெரும்பாலும் ஆணா பெண்ணா என்றுதான் காட்டும், எந்த இனம் என்று காட்டாது. அதனால் கொண்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிப் பழகினேன். என் மதிப்பெண்ணில் பாதி அந்தக் கட்டைவிரலுக்குச் சேரும்.

மூடியபின் பார்க்க வேண்டியவை:

– கறுத்த தொண்டை, அதில் வெள்ளைப் பொட்டுகள்: நம்மூர்ப் பொன்முதுகு மரங்கொத்தி. கிண்டியிலும் வீட்டுத் தென்னைகளிலும் பார்ப்பது இதுதான்.
– இரட்டை மீசைக்கோடு (அலகடியிலிருந்து கன்னத்தில் ஓடும் கறுப்புக் கோடு), நடுவில் வெள்ளை, வெளிறிய கண், நீண்ட அலகு: கிரேட்டர் ஃப்ளேம்பேக்.
– ஒற்றை மீசைக்கோடு: காமன் ஃப்ளேம்பேக். இதற்குக் காலில் மூன்றே விரல்தான், ஆனால் படத்தில் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.
– பின்கழுத்தும் மேல்முதுகும் வெள்ளை: வெண்பிடரி மரங்கொத்தி. இதன் பெண்ணுக்கு உச்சி மஞ்சள், இங்கே மட்டும் விரலை எடுத்துவிடலாம்.

பிட்டத்தின், அதாவது வாலுக்குச் சற்று மேலே உள்ள முதுகுப் பகுதியின், நிறத்தை வகுப்பில் வேதவாக்காகச் சொன்னார்கள். கறுப்புப் பிட்டம் நம்மூர்ப் பறவைக்கும் உண்டு, வெண்பிடரிக்கும் உண்டு. போதாததற்கு, இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் அது சரியாகத் தெரியவும் தெரியாது. வினாத்தாள் தயாரித்தவர் அப்படிப்பட்ட படமாகவே தேடிப் போட்டிருந்தார், அதுவும் மங்கலாக. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் அந்த வட அமெரிக்க மரங்கொத்தி ஜோடி, டௌனி இனமும் ஹேரி இனமும். இரண்டும் கறுப்பு வெள்ளை, கொல்லையில் தொங்கவிட்ட கொழுப்புக்கட்டியைக் கொத்துகிற படம். சென்னையில் மொட்டைமாடியில் தீனி வைத்தால் காகமும் அணிலும்தான் வரும், இருந்தாலும் கேட்கிறார்கள். உருவத்தை நம்பாதீர்கள்; தனியாக இருக்கும் பறவை பெரிசா சிறிசா என்று எதை வைத்துச் சொல்வது? அலகைத் தலையோடு ஒப்பிடுங்கள். தலையில் மூன்றில் ஒரு பங்கு என்றால் டௌனி, கிட்டத்தட்டத் தலை நீளமே இருந்தால் ஹேரி. தலை திரும்பியிருந்தால் வாலின் ஓர இறகைப் பாருங்கள். கறுப்புப் பொட்டு இருந்தால் டௌனி, வெறும் வெள்ளை என்றால் அநேகமாக ஹேரி.

கூட்டுப் படிப்பு எனக்கு ஒத்துவராது, ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குழப்புவார்கள். தனியாகப் படியுங்கள்.

எதையும் காலியாக விடாதீர்கள். கழிவு மதிப்பெண் கிடையாது. ஒன்றுமே பிடிபடாவிட்டால் நம்மூர்ப் பொன்முதுகு என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.